வடிகாலுக்கு ஒரு திறப்பு விழா

நதிக்கு விழா எடுத்த ஊர்கள் உண்டு. வடிகாலுக்கு விழா எடுத்த ஊர் உலகத்திலேயே ஒன்றுதான். கோடியக்கரைக்கு வடக்கே இருக்கிறது, எங்கள் ஊர். கட்சியின் கிளைச் செயலாளர், விழாக் குழுத் தலைவர் என்ற இரு முறையிலும் இதை மிகுந்த அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

முந்தின வருஷப் புயலில் கடல் உள்ளே ஏறி, வயலெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. அதற்கு வைத்தியம் லேசானது. மழைத் தண்ணீரைக் கட்டி, உழுது கலக்கி, உப்பு கரைந்ததும் வடித்துவிட வேண்டும். அதற்காக அரசாங்கம் ஒரு வடிகாலும் வெட்டிக் கொடுத்தது. நில உச்சவரம்புச் சட்டத்தில் ஒன்றரை ஏக்கர் பெற்ற ராமாயி, ஐப்பசி மழையைக் கட்டி உழுதுவிட்டு, தண்ணீரை வடிக்கப் போனாள். அங்கே வடிகால் வாயில் நாங்கள் லாரி லாரியாகச் செம்மண் கொட்டிக்கொண்டிருந்தோம்.

"என்னங்க தலைவரே, வடிகாலை அடைக்கிறீங்க?"

"திறப்பு விழாவுக்குத்தான் ராமாயி. அமைச்சர் கார் வர வேணாமா? மேடை எங்க போடுறது?"

"திறக்குறதுக்கா அடைக்கிறீங்க?"

பொதுவாழ்வு தெரியாதவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். நான் பொறுத்துக்கொண்டேன்.

"இந்தச் சம்பாவுக்கு நடலேன்னா பட்டா ரத்துன்னு தாசில்தார் சொல்லிட்டாருங்க. நாத்து வேற முத்திப் போவுது."

"அமைச்சர் வந்துட்டுப் போகட்டும்மா."

அமைச்சர் இரண்டு முறை தேதி மாற்றி, மூன்றாம் முறை வந்தார். ரிப்பன் வெட்டினார். "உப்பை வென்ற உத்தமர்" என்று பட்டம் சூட்டினோம். கைதட்டலில் மேடை ஆடியது. மேடைக்குப் பின்னால், ராமாயி வயலில் உப்புத் தண்ணீர் மட்டும் ஆடாமல் அசையாமல் கட்டுப்பாடு காத்தது.

மறுநாள் அவள் பொறியாளர் தியாகேசனிடம் போய் நின்றாள்.

"சார், விழாதான் முடிஞ்சிடுச்சே. மண்ணை எடுத்துடுங்க."

"அது மேலதாம்மா அமைச்சர் பேர் போட்ட கல்வெட்டு நிக்குது. மண்ணை எடுத்தா கல்லு சாயும். கல்லு சாய்ஞ்சா என்னைத் தூக்கி எங்கயாவது போட்டுடுவாங்க. மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்."

மேலிடத்துக்கு அவசரமில்லை. ராமாயிக்கு இருந்தது. விடியற்காலையில் அவளும் புருஷன் வீரையனும் மண்வெட்டியோடு போய் மண்ணை வெட்டிவிட்டார்கள். அமைச்சர் பெயர் குப்புற விழுந்து கிடக்க, அதன் மேலேயே உப்புத் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ராமாயியோ அடுத்த மழையையும் கட்டி வடித்தாள், நட்டும் முடித்தாள்.

தை பிறந்தபோது பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. "வடிகால் திட்டத்தின் மாபெரும் வெற்றி"க்காக அமைச்சருக்குப் பாராட்டு விழா எடுத்தோம். ராமாயி வயலில் இறங்கி நின்று அவர் படம் எடுத்துக்கொண்டார். அவளும் வந்திருப்பாள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு நாகப்பட்டினம் கோர்ட்டில் வாய்தா. அரசு வடிகாலைச் சேதப்படுத்திய வழக்கு. அது முடியும்வரை பட்டாவையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

வடிகால் ஓடியதற்காக அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்தியவன் நான். அதை ஓடவிட்ட குற்றத்துக்கு முதல் சாட்சியும் நான்தான்.