தா.பழூருக்குப் போன இஞ்சின் டெஸ்டர்

விலை கூடிய பொருளை வாங்கிவிட்டவன் அதைப் பற்றி உண்மை பேசமாட்டான். "நல்லா வேலை செய்யுதா?" என்று யார் கேட்டாலும் "பிரமாதம்" என்பான். வேறென்ன சொல்வான், வாங்கித் தொலைத்துவிட்டானே! நானும் அப்படிப் பிரமாதம் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான், ஒரு வெள்ளிக்கிழமை காலை வரைக்கும்.

அந்தக் கதையை இப்போது எடுக்கக் காரணம் என் மகன். பட்டறையை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான். ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்து, "அப்பா, கார் ஸ்கேனர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். வண்டியில சொருகினா எங்க கோளாறுன்னு திரையில எழுதிக் காட்டும். விலைதான் ஜாஸ்தி. வாங்கலாமா, வேணாமா?" என்றான். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெரிய மனுஷன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி தனத்தின் குரல் வந்தது: "அத அவருகிட்டயாடா போயி கேக்குற?" அவ்வளவுதான். மகன் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டான்.

எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூரில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு பட்டறை வைத்திருந்தேன். பட்டறை என்றால் நாலு மூங்கில், மேலே கீற்று, கீழே நான். வயது இருபத்தாறு. திருச்சியில் மூன்று வருஷம் தொழில் பழகிவிட்டு வந்திருந்தேன். கற்றது கொஞ்சம், கற்றுவிட்டதாக நினைத்தது நிறைய.

மழைக்கு ஒழுகுகிறதே, நல்ல கூரையாகப் போட்டுக்கொள் என்று அப்பா கடலை விற்ற பணத்தைக் கொடுத்தார். கூரை ஷீட் மெட்ராஸில் மலிவு என்று யாரோ சொல்ல, பஸ் ஏறினேன். ஷீட் கடைக்குப் போகிற வழியில் ஒரு கடை வாசலில் அந்த மெஷினைப் பார்த்துவிட்டேன். நீலப் பெட்டி. இரண்டு மீட்டர், அதில் ஆடுகிற முள். சிவப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று என்று கவ்விப் பிடிக்கிற கிளிப்கள். துப்பாக்கி போல ஒரு விளக்கு வேறு. கடைக்காரர் ஓடிக்கொண்டிருந்த ஒரு காரில் அதை மாட்டி, விளக்கை அடித்துக் காட்டினார். சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் அந்த வெளிச்சத்தில் அப்படியே நிற்கிற மாதிரி தெரிந்தது. என் புத்தியும் அங்கேயே நின்றுவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியதும் அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னடா இது?"

"இஞ்சின் டெஸ்டருப்பா. இஞ்சின்ல என்ன கோளாறுன்னு இதுவே சொல்லிடும்."

"அப்ப நீ என்னத்துக்கு?"

துணியை எடுத்துப் பெட்டியைத் துடைக்கிற சாக்கில் நான் குனிந்துகொண்டேன். "இந்தக் காசுக்கு ரெண்டு உழவு மாடு வாங்கி, அதுக்கு ஒரு கொட்டாயும் போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் கடலைக் காட்டுக்குப் போய்விட்டார். அந்த வருஷம் மழைக்காலம் முழுக்கக் கீற்று ஒழுகியது. மெஷினுக்குக் குடை பிடித்து வைத்துவிட்டு நான் நனைந்தேன்.

இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த மெஷின் பெட்ரோல் வண்டிக்கு மட்டும்தான். எங்கள் பக்கத்தில் ஓடியதெல்லாம் டீசல் லாரி, டீசல் டிராக்டர். பெட்ரோல் கார் என்று எண்ணினால் இரண்டு கை விரல் போதும். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனாலும் மெஷினுக்கு ஒரு பிரயோஜனம் கிடைத்தது. எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். "கீத்துக் கொட்டாயில இருக்குற மெக்கானிக்கா?" என்று மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. நாலாவதாகத் தரகர் கோவிந்தசாமி தா.பழூரில் ஒரு இடம் கொண்டுவந்தார். நெல் விவசாயம், சொந்த டிராக்டர், தண்ணீர் இறைக்க ஆயில் இஞ்சின், ஒரே பெண். போட்டோவைப் பார்த்த அன்றே எனக்கு வேறு இடம் வேண்டாம் என்று ஆகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போட்டோவைப் பட்டறையில் டூல்ஸ் பெட்டிக்குள் வைத்து ஸ்பேனர் எடுக்கிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். தரகரோ கீற்றுக் கொட்டகையைப் பற்றி வாயே திறக்காமல், "காருக்கே டாக்டருங்க மாப்ள. மெஷின மாட்டினா போதும், நோயி இன்னதுன்னு சொல்லிடும்" என்று அளந்துவிட்டு வந்திருந்தார். பெண்ணின் அப்பா, "அப்ப வரும்போது அந்த மெஷினையும் எடுத்தாரச் சொல்லுங்க, பாப்போம்" என்று சொல்லியனுப்பினார். ஆக, என் கல்யாணமே அந்த நீலப் பெட்டியைத்தான் நம்பியிருந்தது.

அரும்பாவூர் அரிசி மில் முதலாளி ஒருவர் தன் பழைய பெட்ரோல் அம்பாசிடரை என்னிடம் வேலைக்கு விட்டிருந்தார். பெண் பார்க்கப் போக ஒரு நாள் இரவல் கேட்டேன், தந்தார். இரண்டு நாள் அதை மெஷினோடு கட்டிப்போட்டு, முள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிற வரை திருகினேன். வெள்ளிக்கிழமை காலை அம்மா சந்தனமும் குங்குமமும் குழைத்துக்கொண்டு வந்து, கண்ணாடிக்குக் கீழே ஒரு பொட்டு வைத்து, "போதும், கெளம்புங்க" என்றாள். எனக்குப் போதவில்லை. கிண்ணத்தை வாங்கி பானெட், நாலு சக்கரம், ஸ்டீரிங், டிக்கி, பெட்ரோல் மூடி, நம்பர் பலகை, கடைசியில் மெஷின் என்று ஒன்று விடாமல் தடித்தடியாக அப்பினேன். நல்ல காரியத்தில் கஞ்சத்தனம் கூடாது பாருங்கள்.

பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பெண் வீட்டுப் படியை மிதித்தாக வேண்டும். ஆறரைக்கே கிளம்பினோம். நான் ஓட்ட, பக்கத்தில் தரகர், பின்னால் அப்பாவும் அம்மாவும், டிக்கியில் மெஷின்.

அரியலூருக்குப் பாதி வழி போயிருப்போம். வண்டி இரண்டு தடவை இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. அம்மா குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அப்பா முன்னால் மெஷினைக் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? இறக்கினேன், மாட்டினேன், தரகரை ஸ்டீரிங்கில் உட்காரவைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னேன். முள் ஒரு நூல் சாய்ந்திருப்பதாக எனக்குப் பட்டது. பிளக்குக்குப் பொறி அனுப்புகிற பாயிண்டைக் கழற்றித் தேய்த்து மாட்டினேன். இருபது நிமிஷம் ஆனது. செல்ஃப் அடித்ததும் வண்டி கிளம்பிவிட்டது!

"பாத்தீங்களாய்யா!" என்றார் தரகர்.

அப்பா, "ம்" என்றார். அந்த ஒரு 'ம்' வாங்க எனக்கு இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

அரியலூரைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகிற இடத்தில் மறுபடி இருமல், குலுக்கல், நிறுத்தம். மறுபடி மெஷின். இந்தத் தடவை பிளக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். இருபது நிமிஷத்தில் வண்டி கிளம்பியது.

"முன்னாடிதான சரி பண்ணுன?" என்றார் அப்பா.

"அது வேறப்பா. இது வேற."

வி.கைகாட்டி ஊரில் சாலை பிரிந்து கொஞ்ச தூரம் போனதும் மூன்றாம் தடவை. இப்போது பொறி விழுகிற டைமிங்கைத் திருப்பி வைத்தேன். வண்டி கிளம்பியது, ஆனால் முன்பு இல்லாத ஒரு நடுக்கத்தோடு. வண்டிக்கு இருந்தது ஒரு நோய்தான். மூன்றை நான் சேர்த்திருந்தேன்.

ஓடுகிற வண்டி நின்றால் இஞ்சினுக்குப் பெட்ரோல் வருகிறதா என்று குழாயைக் கழற்றிப் பார்க்க வேண்டும். திருச்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஆனால் மெஷினில் பெட்ரோலுக்கென்று முள் இல்லை. முள் இல்லாத இடத்தில் கோளாறு இருக்க முடியாது என்று நினைக்கிற அளவுக்கு நான் முன்னேறியிருந்தேன்.

தா.பழூருக்கு ஒரு மைல் இருக்கும்போது, வாய்க்கால் பாலத்தின் மேல் நாலாவது தடவை நின்றது. மணி பத்து. செல்ஃப் அடித்து அடித்து பேட்டரியும் செத்துவிட்டது. மெஷினுக்கும் மின்சாரம் அதே பேட்டரியிலிருந்துதான், அதனால் முள்ளும் படுத்துக்கொண்டது. அப்பா வாய்க்காலைப் பார்த்துத் திரும்பி நின்றார். இந்த இடமும் போயிற்று என்று மெஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பாலத்துச் சுவரில் உட்கார்ந்தேன்.

சைக்கிளில் போன யாரோ சொல்லி, பெண்ணின் அப்பாவே டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் கயிறு. இறங்கி, கும்பிட்டு, என் மடியில் இருந்த மெஷினைப் பார்த்தார்.

"இதானுங்களா அது? என்ன சொல்லுதுங்க?"

"எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லுதுங்க."

"வண்டி என்னங்க சொல்லுது?"

நான் கயிற்றை வாங்கிக் கட்டினேன்.

பெண் பார்க்கப் போன மாப்பிள்ளையை மாமனாரே கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போன ஒரே ஊர் அதுவாகத்தான் இருக்கும். தெருவில் ஒரு வீட்டு வாசல் காலியில்லை. பத்து இருபதுக்குப் படி ஏறினோம். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. அப்புறம் தனம் காபித் தட்டோடு வந்தாள். போட்டோவைவிட நன்றாக இருந்தாள். எனக்குத் துக்கம் அதிகமாகிவிட்டது.

"பொண்ணுகிட்ட ஏதாச்சும் கேக்கணும்னா கேளுங்க" என்றார்கள். கேட்கிற நிலையிலா நான் இருந்தேன்? வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன். அவள் அப்பா முறைக்காக, "நீ ஏதும் கேக்குறியாம்மா?" என்றார். அந்தக் காலத்தில் இதற்குப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவார்கள். தனம் போகவில்லை.

"வண்டிய பத்தி ஒண்ணு கேக்கலாமாப்பா?"

அவர் தலையசைத்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"டேங்க் மூடியில எதுக்குங்க அவ்ளோ சந்தனம் அப்பியிருக்கு? ஜன்னல்லேருந்து பாத்தேன். அதுல காத்து போறதுக்கு ஒரு பொடி ஓட்டை இருக்குமே, அது அடைச்சிருக்காதுங்களா?"

"ஒனக்கு எப்புடிம்மா தெரியும்?" என்று அவள் அப்பா கேட்டார்.

அவள் குரல் இறங்கிவிட்டது. "சின்னப்புள்ளயில நம்ம ஆயில் இஞ்சின் டேங்கு மூடியில களிமண்ணு வச்சி அடைச்சேன்பா. சும்மா வெளையாட்டுக்கு. ஓடுச்சு, நின்னுச்சு, ஓடுச்சு, நின்னுச்சு."

"அடிப்பாவி! அது நீதானா? நாத்து காயுதுன்னு நான் மூணு ஊரு மெக்கானிக்க கூட்டியாந்தேனே!"

நான் அதற்குள் தெருவுக்கு ஓடியிருந்தேன். சந்தனம் காய்ந்து சுண்ணாம்புக் காரை பூசியதுபோல் இறுகியிருந்தது. மூடியைத் திருகியதும் 'உஸ்ஸ்' என்று டேங்க் நீளமாக மூச்சு இழுத்தது. விஷயம் இவ்வளவுதான். பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் வராது, வண்டி நிற்கும். இருபது நிமிஷம் சும்மா விட்டால் எந்த இடுக்கிலாவது கொஞ்சம் காற்று கசிந்து போகும், மறுபடி ஓடும். வழி நெடுக நான் செய்த வைத்தியத்தில் வேலை செய்தது அந்தச் சும்மா இருந்த இருபது நிமிஷம் மட்டும்தான்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் வந்து வண்டியைத் தள்ளினார்கள். கிளம்பியது. நான் திருகி வைத்திருந்த திருகலுக்கு, புகையைக் கக்கிக்கொண்டு 'டப் டப்' என்று வெடித்ததில் தெருக் கோழிகள் கூரை ஏறிவிட்டன. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்தேன். திருச்சியில் கற்ற மாதிரி, காதால் சத்தம் கேட்டே ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். அரை மணியில் இஞ்சின் சீராக ஓடியது. பக்கத்தில் ஒருவர் கைகட்டிக்கொண்டு நிற்பது அப்போதுதான் தெரிந்தது. பெண்ணின் அப்பா.

"மெஷின் வேணாங்களா?"

"வேணாங்க. தப்பு என்னுதுதான். சந்தனம் அப்பினதும் நான், வழியெல்லாம் மெஷினு மெஷினுன்னு கெடுத்ததும் நான்." வேறு என்ன சொல்வது? இடம் போனது போனதுதானே.

அவர் இஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என் அப்பா பக்கம் திரும்பி, "ராகு காலம் முடியட்டுங்க. தட்டு மாத்திக்கலாம்" என்றார். "மெஷின விட மாப்ள தேவலாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். அப்பா என்னைத் தனியாக இழுத்து, "மெஷினுக்குப் பண்ணுன செலவுல உருப்படியா கெடச்சது இந்தப் பொண்ணு ஒண்ணுதான்டா" என்றார்.

பட்டறைக்குக் கூரை கல்யாணத்துக்கு அப்புறம் வந்தது. மெஷின் பரண் ஏறியது. எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும், டிவியில் படம் வராவிட்டாலும், பேரன் கணக்கில் மார்க் குறைந்தாலும், "மூடியத் தொறந்து பாத்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நாற்பது வருஷமாக ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணம் என் கைக்கு வந்ததில்லை.

மகன் ஸ்கேனரை வாங்கிவிட்டான். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பிரமாதம்" என்றான். நான் மேலே எதுவும் கேட்கவில்லை.

பூஜையன்று தனம் ஸ்கேனரை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, ஓட்டை இல்லாத மூலையில் மிளகளவு சந்தனம் வைத்தாள். பரணிலிருந்து இறக்கிய நீலப் பெட்டிக்கும் ஒன்று. கடைசியாக என்னிடம் வந்தாள். விரலை என் நெற்றிக்குக் கொண்டுவந்தவள் பாதியில் நிறுத்தி, பேரன் பேத்தி எல்லோருக்கும் கேட்கும்படி, "இங்க காத்து போற வழி எதுவும் இல்லல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தாள்.