ஏழுதேசம் பாயும் மழையில் நின்ற பெண்ணும்

உலகத்திலேயே ஆட்டுத்தோல் வழியாக இலக்கியத்துக்குள் நுழைந்த ஒரே மனிதர் எங்கள் ஏழுதேசம் பாய்தான். சந்தேகப்படுகிறவர்கள் ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் டீ குடித்த யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் அவர் குமாஸ்தா. ஜெர்மனி, இத்தாலி, பிரான்சு என்று நாலா பக்கமிருந்தும் வரும் வியாபாரக் கடிதங்களைப் படித்து முதலாளிக்குச் சொல்ல ஆள் இல்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருநாள் பாய் வாயைக் கொடுத்துவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற நாலு பாஷை படித்தார். ஏழு என்பது டீக்கடை சேர்த்துக் கொடுத்தது.

நாலு பாஷையும் தோல் கடிதங்களிலிருந்து வந்தவை என்பதால், கதை சொல்லும்போதும் அந்த வாடை போகாது. கதாநாயகி எப்படி இருப்பாள் என்று யாராவது கேட்டால், "நல்ல உருப்படி. கீறல் இல்ல, சுருக்கம் இல்ல, மொதல் தரம்" என்பார். வில்லன் எப்போதும் கழிச்ச மால்தான்.

அகராதி என்ற சாமான் அவரிடம் கிடையாது. தெரியாத வார்த்தை வந்தால் தாமே ஒரு பொருள் வைத்துக்கொள்வார். கடைசிப் பக்கம் வரை அதை மாற்றமாட்டார். ஓர் இத்தாலிய நாவலில் ஏதோ ஒரு வார்த்தைக்கு முருங்கைக்காய் என்று பொருள் வைத்துவிட்டார். அதனால் அந்தக் கதாநாயகன் நிலா வெளிச்சத்தில் மண்டியிட்டு முருங்கைக்காயை நீட்டினான். கதாநாயகியும் கண்ணீர் மல்க வாங்கி விரலில் போட்டுக்கொண்டாள். விரலில் எப்படிப் போட முடியும் என்று நான் கேட்டேன். "அந்த ஊருக் காய் சிறுசா இருக்கும் தம்பி" என்றார் பாய்.

புத்தகங்கள் மலையிலிருந்து வந்தன. கொடைக்கானல் பங்களாக்களைக் காலி செய்துகொண்டு போன வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனவை, கொடைரோடு வழியாக மூட்டை மூட்டையாக எங்கள் ஊர் பழைய பேப்பர் கடைக்கு வரும். அதில் பாதி பாய் வீட்டுக்கு, மீதி பொட்டலம் மடிக்க. ஒரு நாவலின் முடிவு அனேகமாக நிலக்கடலையோடு போய்விடும். கடலை தின்றுகொண்டு போகிறவர்களின் பின்னாலேயே பாய் நடப்பார். செத்த நேரம் நில்லுங்கள், அந்தத் தாளை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சுவார். ஒருவர் கடலையோடு நத்தம் பஸ்ஸில் ஏறிவிட, பாயும் ஏறினார். நத்தம் வரை போய்த் தாளோடு திரும்பினார். பார்த்தால் அது வேறு ஏதோ நாவலின் தாள்.

முடிவில்லாத கதைகள் அவரை வாட்டின. "எம்புட்டுப் பேரு நட்டாத்துல நிக்கிறாங்க தெரியுமா" என்று சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற குரலில் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கு மனசு தாங்கவில்லை. அப்போது நான் தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பேப்பர் கடையில் ஒரு சாக்கு உதிரித்தாளை வாங்கி, எங்கள் ஆபீஸ் ரிஜிஸ்தர்களைத் தைக்கும் பைண்டர் அழகரிடம் கொடுத்தேன். இதில் ஒரு முழுப் புத்தகமாவது தேற்றிக் கொடுங்கள் என்றேன். சிவப்புக் காலிகோ அட்டையோடு, ஒன்றிலிருந்து முன்னூற்றுப் பன்னிரண்டு வரை ஒரு பக்கம் விடாமல் வந்து சேர்ந்தது. பாய் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் டீக்கடையில் அந்தக் கதைதான். பிரெஞ்சுக்காரப் பெண் ஒருத்தி, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு மழையில் நிற்கிறாள். பிறகு ஜெர்மனியில் ஒரு ரொட்டிக்காரர் வீட்டில் அடைக்கலம். அப்புறம் இத்தாலிக்குப் பயணம். ஜனங்கள் சொக்கிப்போனார்கள். கடைகளுக்குச் சேலை போட வந்த சின்னாளப்பட்டி நெசவாளி ஒருவர், கதைக்காகத் தினம் ரெண்டு பஸ்ஸைக் கோட்டை விட்டார்.

இப்படி ஒரு மாதத்துக்கு மேல் ஓடியிருக்கும். ஒருநாள் பைண்டர் என்னைப் பிடித்துக்கொண்டு தொழில் பெருமை பேசினார். எழுத்து விளங்காததால், ரிஜிஸ்தர் அடுக்குகிற மாதிரி நம்பரை மட்டும் பார்த்து அடுக்கினாராம்.

"மூணு பொஸ்தகத்துத் தாளு கலந்து கெடந்துச்சு சார். ரெண்டாந்தடவ வந்த நம்பரையெல்லாம் அட்டைக்குள்ள வச்சு ஒட்டிட்டேன். அட்டை எம்புட்டு கனம் பாத்தீகளா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாய் ஊருக்கே சொல்லிக்கொண்டிருப்பது மூன்று பாஷைகளில் இருந்த மூன்று கதைகளின் துண்டுகள். எல்லாப் பாஷையும் தண்ணீர்பட்ட பாடாகப் போனதில், நடுவில் பாஷை மாறியதே மனிதருக்கு உறைக்கவில்லை என்று நினைத்தேன். அதையும் மூடி மறைத்திருக்கலாம். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து ஒரு வயதான வெள்ளைக்காரப் பாதிரியார் இறங்குகிறார், அவரிடம் புத்தகத்தைக் காட்டப்போகிறேன் என்று பாய் டீக்கடையில் அறிவித்திருந்தார். பாதிரியார் அந்த மூன்று பாஷையும் தெரிந்தவர். அவர் வாயைத் திறந்தால் பாயின் மானம் போகும். எங்கள் ஊர் ஒருவரைப் பார்த்து ஒருதடவை சிரித்துவிட்டால், அவர் பேரன் காலம் வரை சிரிக்கும். தையல் தளர்ந்திருக்கிறது, கொடுங்கள், சரி செய்து தருகிறேன் என்று புத்தகத்தைப் பிடுங்கப் பார்த்தேன். பாய் தரவில்லை.

ஞாயிறு காலை டீக்கடையில் திருவிழாக் கூட்டம். பாதிரியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். நூற்று நாற்பதாம் பக்கத்தைப் புரட்டினார். புருவம் ஏறியது. முன்னுக்குப் புரட்டினார், பின்னுக்குப் புரட்டினார். பாயிடம் ஏதோ பாஷையில் ஏதோ கேட்டார். பாயும் ஏதோ சொன்னார். பாதிரியார் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பார்வையை டீ கிளாசுக்குள் இறக்கிக்கொண்டேன். பிறகு அவர் கூட்டத்தைப் பார்த்து, பிரசங்கத் தமிழில் சொன்னார்.

"இப்படிப்பட்டதொரு கதையை நான் வேறெங்கும் வாசித்ததில்லை."

அதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. கூட்டம் பாயைத் தோளில் தூக்காத குறை.

திரும்பி நடக்கும்போது அடக்க முடியாமல் பாயிடம் உண்மையைக் கக்கிவிட்டேன். அவர் நடையைக்கூட நிறுத்தவில்லை.

"மொத நாளே தெரியும் தம்பி. பாதரும் அதத்தான் கேட்டாரு. சத்தமாச் சொல்லிராதீங்க, ஆசையா பைண்டு பண்ணிக் குடுத்த புள்ள அந்தா நிக்கிது, மனசு ஒடஞ்சு போகும்னு சொன்னேன்."

அவர் மானத்தைக் காப்பாற்ற நான் ஒரு வாரமாகத் தூங்காமல் இருந்தேன். அவரோ முதல் நாளிலிருந்தே என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். சற்றுத் தூரம் போன பிறகு, தெரிந்தும் ஏன் ஒரே கதையாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு நூத்தி நாப்பதாம் பக்கத்துல மழையில நிக்கிறா. அதுக்கப்புறம் அவளுக்குத் தாள் இல்ல. நூத்தி நாப்பத்தொண்ணுல ஜெர்மன்காரன் யாருக்கோ கதவத் தொறக்குறான். சரி, இவ உள்ள போகட்டும்னு விட்டுட்டேன்."

பாய் போய் ரொம்ப வருஷமாகிறது. இப்போதும் மழை பிடித்துக்கொண்டால், அவள் நனையாமல் வீடு சேர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன். அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டது ஜெர்மன்காரன் இல்லை, எங்கள் பாய்தான்.