பிரபஞ்சம் நிறுத்திய நிச்சயதார்த்தம்

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
பம்பாய் – 19.
6-2-1966

‘பொதிகைச் சுடர்’ மாத இதழின் பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, பம்பாய் வாசகன் செ. பிரம்மநாயகம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் குடும்பமும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான். தாங்களும், தங்கள் அலுவலகத்தாரும், முக்கியமாகத் தங்கள் பத்திரிகையில் வானத்தைப் பற்றி எழுதுகிற அந்த இரண்டு பேரும் சாப்பாடு தூக்கத்துக்குக் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு அந்த இரண்டும் போய் மூன்று வாரம் ஆகிறது.

நான் இங்கே ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். தங்கள் பத்திரிகையைப் பல வருஷமாகத் தபாலில் வரவழைக்கிறேன். நான் மட்டும் படிப்பதற்கல்ல. எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்குத் தமிழ் பேச வரும், சரளமாக வாசிக்க வராது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயினுலாப்தீன் பாயின் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் உரக்க வாசிப்பேன், மற்றவர்கள் கேட்பார்கள். தாங்கள் மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஒரு வரியை அச்சடித்தால் இங்கே ஒரு சந்து முழுக்க அதை நம்புகிறது. இந்தப் பொறுப்பு தங்களுக்கு இருந்ததா என்பதுதான் என் கேள்வி.

போன செப்டம்பரில் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது பம்பாயில் விளக்கணைப்பு இருந்தது. அதைக் கவனிக்கிற தொண்டர் வேலைக்கு நானும் வானமாமலை அண்ணாச்சியும் ஒன்றாகப் போனோம். அவர் தாராவியில் தோல் பெல்ட் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். என்னைவிட மூத்தவர், எங்கள் ஜில்லாக்காரர். விளக்கை அணைக்கச் சொல்லி ‘பத்தி புஜாவ், பத்தி புஜாவ்’ என்று இந்தியில் இருவரும் கத்திக்கொண்டு போய், கடைசி விளக்கும் அணைந்ததும் அவர் அண்ணாந்து பார்த்து, “என்னவே இது, இத்தனை வருசமா இதெல்லாம் நம்ம தலைக்கு மேலதான் இருந்துச்சா?” என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்த்தோம். என்ன ஏது என்று ஒன்றும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை வந்தது. சொல்லிவைத்த மாதிரி அடுத்த மாதமே தாங்கள் ‘விண்ணும் நாமும்’ என்ற தொடரை ஆரம்பித்தீர்கள். அப்போது தங்களை நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டோம் என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

முதல் கட்டுரையில் சூரியன் ஒரு சாதாரண நட்சத்திரம் என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி கோமதியம்மாள், “சாதாரணமானதுக்கா நான் இத்தனை வருசமா முற்றத்துல பொங்க வச்சேன்?” என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதையும் தங்களுக்காகப் பொறுத்துக்கொண்டேன். அடுத்த கட்டுரையில், மிகப் பக்கத்தில் இருக்கிற நட்சத்திரத்திலிருந்து வெளிச்சம் இங்கே வந்துசேர நாலு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று இருந்தது. வானமாமலை அண்ணாச்சி அதைத் திரும்பவும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, “அது எது வே? இங்கன நின்னா தெரியுமா?” என்றார். தெற்கே இருக்கிறது, சித்திரை வைகாசியில்தான் மேலே வரும் என்று விசாரித்துச் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். ஏன் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. இப்படி வானத்தைப் பார்த்துப் பார்த்துச் சிநேகம் முற்றி, என் மகள் செண்பகவல்லியை அவருடைய மகன் நம்பிராசனுக்குக் கொடுப்பது என்று சாயாக்கடையிலேயே பேசி முடித்தோம். தை மாதம் முதல் ஞாயிறு நிச்சயதார்த்தம்.

இங்கேதான் தங்கள் கைங்கரியம் ஆரம்பிக்கிறது. டிசம்பர் இதழில் தங்கள் முதல் எழுத்தாளர், ஆயிரம் கோடி வருஷத்துக்கு முன்னால் இருப்பது எல்லாம் ஒரே இடத்தில் நெருங்கிப் பயங்கரச் சூட்டில் இருந்தது, அது வெடித்தாற்போல் விரிந்தது, இன்றைக்கும் விரிந்துகொண்டே இருக்கிறது, நட்சத்திரக் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடுகின்றன என்று எழுதினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பட்டறையில் கொதிக்கிற இரும்பைப் பார்க்கிறவன் நான், உடனே நம்பிவிட்டேன். வானமாமலை அண்ணாச்சி மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அப்போ எல்லாம் விலகிப் போய்க்கிட்டேதான் இருக்குமா? இடையில உள்ள இடமெல்லாம் சும்மா காலியாக் கிடக்குமா?” என்றார். “கிடக்கும் அண்ணாச்சி, நாளுக்கு நாள் கூடும்” என்று நான் உற்சாகமாகச் சொன்னேன். அவர் சாயாவை முடிக்காமல் எழுந்து போனார்.

அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். விளங்கவைப்பதற்குத் தங்கள் எழுத்தாளரே ஒரு வழி சொல்லியிருந்தார். புளிக்கிற மாவில் மிளகைத் தூவி வைத்தால், மாவு பொங்கப் பொங்க மிளகுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுமாம். எங்கள் வீட்டில் மிளகு அஞ்சறைப்பெட்டியில் கோமதியின் காவலில் இருக்கிறது. ஆகவே நான் புளியங்கொட்டையைப் போட்டேன். நிச்சயதார்த்தத்துக்கு ஆட்டிவைத்திருந்த இட்லி மாவில்தான் போட்டேன், வேறு மாவு கிடையாது. காலையில் மூடியைத் திறந்து பார்த்தால், ஐயா, தங்கள் எழுத்தாளர் சொன்னபடியே எல்லாம் விலகி நின்றன. நான் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் கோமதி பார்த்துவிட்டாள். அவள் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பேசிக்கொண்டே எல்லாக் கொட்டையையும் கரண்டியால் எடுத்துப் போட்டாள். ஒன்று மட்டும் அடியில் தங்கிவிட்டது.

அந்த ஒன்று யார் இலைக்குப் போயிருக்கும் என்று தாங்கள் ஊகிக்கலாம். வானமாமலை அண்ணாச்சி வந்து உட்கார்ந்து, சிரித்துப் பேசி, இரண்டாவது இட்லியைக் கடித்தார். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் பாதியாகப் போனது. அப்போதும் அந்த மனுஷர் கோபப்படவில்லை. உப்புத் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துவிட்டு, அலமாரியில் பிரிக்காமல் கிடந்த தங்கள் ஜனவரி இதழைப் பார்த்து, பக்கத்தில் இருந்த ஜெயினுலாப்தீனிடம், “வாசியும் பாய், கொஞ்சம் வலி மறக்கட்டும்” என்றார். முந்தின நாள் தபாலில் வந்தது. நான் வேலை மும்முரத்தில் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடுப்பில் போட்டிருப்பேன்.

ஏனென்றால் அதில் தங்கள் இரண்டாவது எழுத்தாளர், பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே கிடையாது என்று எழுதியிருக்கிறார். வெடிப்பும் இல்லையாம், முடிவும் இல்லையாம். கூட்டங்கள் விலகிப்போவது உண்மைதானாம். ஆனால் விலகின இடத்தில் புதிதாகப் பொருள் தானாகத் தோன்றுமாம், அதனால் எந்தக் காலத்தில் பார்த்தாலும் வானம் ஒரே மாதிரிதான் இருக்குமாம். பாய் வாசித்து முடித்ததும் வானமாமலை அண்ணாச்சி முகத்தில் பல்வலி போன இடம் தெரியவில்லை. “கேட்டீரா வே? இடம் காலியாக் கிடக்காதுன்னு எழுதியிருக்கான்லா” என்றார். நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். “அதெப்படி அண்ணாச்சி, ஒண்ணும் இல்லாத இடத்துல தானா வரும்? உங்க பட்டறையில தோலே இல்லாம பெல்ட்டு வருதா?” என்றேன். சபையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் மாறியது. “உம்ம வெடிக்கு மட்டும் யாரு வே திரி கிள்ளி நெருப்பு வச்சா? அதுக்கு முன்னால என்ன இருந்துச்சு?” என்றார். எனக்குத் தெரியவில்லை. தங்கள் முதல் எழுத்தாளர் அதை எழுதவில்லை. தெரியாத ஆத்திரத்தில், “எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவரோட என்ன பேச்சு, உமக்கு இதெல்லாம் விளங்காது” என்று சொல்லிவிட்டேன். மூத்தவரை ‘உமக்கு’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கோமதி வாயில் கையை வைத்தாள். அவர் எழுந்தார். “தொடக்கம்னு ஒண்ணு இருந்தாத்தானே வே கல்யாணம். எங்க பக்கம் தொடக்கமே கிடையாது” என்று சொல்லித் தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார்.

அவர்கள் போன பிறகு அந்தக் கட்டுரையின் அடியில் பார்த்தேன். பொடி எழுத்தில் தங்கள் குறிப்பு: ‘முன்னர் வெளியிட்ட கருத்தும் இதுவும் மாறுபட்டவை. இரண்டையும் வாசகர் சிந்தனைக்கு விடுகிறோம்.’ ஐயா, சிந்திப்பதற்கா நான் சந்தா கட்டுகிறேன்? எனக்குப் பட்டறையில் எட்டு மணி நேரம் வேலை இருக்கிறது. சிந்தித்து முடித்த பிறகு அச்சடியுங்கள். ஒரு டாக்டர் ஒரே நோயாளிக்கு இந்த மாதம் ஒரு மருந்தும் அடுத்த மாதம் அதற்கு நேர்மாறான மருந்தும் கொடுத்துவிட்டு, ‘உன் சிந்தனைக்கு விடுகிறேன்’ என்று சொன்னால் அவரை என்ன செய்வார்கள்? தங்களை ஏன் செய்யக்கூடாது?

நிற்க. மறுநாள் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணாச்சி, அவரு சம்சாரம் போயி மூணு வருசம் ஆச்சு, உங்களுக்குத் தெரியும்லா? நட்சத்திரத்து வெளிச்சம் நாலு வருசத்துக்கு முந்தி கெளம்பினதுன்னு வாசிச்சீங்கள்லா, அன்னைக்கு என்கிட்ட வந்து, ‘பாய், அவ இருந்தப்போ கெளம்பின வெளிச்சம் இப்பதான் வந்து சேருதாம்’னு சொன்னாரு. வெலகிப் போயிக்கிட்டே இருக்கும், காலியாக் கிடக்கும்னு நீங்க சந்தோசமாச் சொன்னதுதான் அவருக்குத் தாங்கல” என்றார். எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. அந்த அம்மாளின் பாடையைச் சுமந்துகொண்டு போனவர்களில் நானும் ஒருவன். அது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலையும் சேர்த்துத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குத் தோன்றாவிட்டால் தங்களுக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

போன ஞாயிறு தாராவிக்கு நடந்தே போனேன். வழியெல்லாம் என்னைத் தேற்றிக்கொண்டேன். தொடக்கம் இல்லாவிட்டால் எனக்கு என்ன நஷ்டம்? அவர் பட்டறையில் தோலில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே, “அண்ணாச்சி, நல்லா யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி. தொடக்கம்னு ஒண்ணு கிடையாது” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “அதெப்படி வே இல்லாமப் போகும்? நானும் யோசிச்சேன். நீரு படிச்சவரு, உமக்குத் தெரியாததா. வெடிச்சுதான் இருக்கும்” என்றார். “இல்ல அண்ணாச்சி, வெடிக்கல.” “வெடிச்சுது வே.” “எனக்காகச் சொல்லுதீங்க.” “நீருதான் எனக்காகச் சொல்லுதீரு. பாய் உம்மகிட்ட என்ன சொன்னாரு?” நான் சுவரில் தொங்கிய பெல்ட்டுகளை எண்ண ஆரம்பித்தேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். “அப்போ இது இரக்கம். எனக்கு உம்ம இரக்கமும் வேண்டாம், உம்ம சம்பந்தமும் வேண்டாம்” என்று சொல்லி, சுத்தியலை எடுத்து மறுபடியும் ஓட்டை போட ஆரம்பித்துவிட்டார். இப்போது நான் அவர் கட்சி, அவர் என் கட்சி, அப்படியும் சண்டை தீரவில்லை. திரும்பி வருகிறபோது என் மனதில் தங்கள் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நல்ல எண்ணத்தோடு யோசிக்கவில்லை.

ஆகவே தாங்கள் செய்யவேண்டியது இது. அந்த இரண்டு எழுத்தாளர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து, முடிவு வரும்வரை கதவைத் திறக்கக்கூடாது. அடுத்த இதழின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில், தொடக்கம் உண்டு அல்லது இல்லை என்று ஒரே வார்த்தையில் போட வேண்டும். எது என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அண்ணாச்சிக்கும் இருக்காது என்று பாய் கேட்டுச் சொல்லியிருக்கிறார். அச்சில் வந்துவிட்டால் இருவரும் அதற்குக் கட்டுப்பட்டு, தட்டை மாற்றிக்கொள்வோம். கூடவே ஒரு மன்னிப்பும் போட வேண்டும். தவறினால் தங்கள் பத்திரிகை இந்தக் கேம்ப்புக்குள் நுழையாது என்பதை அறியவும்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும், அச்சுக்கோக்கிறவர் முதல் தபாலில் சேர்க்கிறவர் வரை எல்லோருக்கும், நெல்லையப்பரும் காந்திமதியம்மையும் நீண்ட ஆயுளையும் நிதானத்தையும் கொடுக்க வேண்டுகிறேன். நிதானம் முக்கியமாகத் தங்களுக்கு.

இப்படிக்கு,
மிகுந்த கோபத்துடனும் மரியாதையுடனும்,
செ. பிரம்மநாயகம்

பின்குறிப்பு: உறையில் விலாசத்தை இங்கிலீஷில் டைப் அடித்துவரச் சொல்லி இதைச் செண்பகவல்லியிடம் கொடுத்தேன். அவள் முழுவதையும் வாசித்துவிட்டு வந்து, “அப்பா, இவங்க முடிவு சொல்லுத வரைக்கும் கல்யாணம் கிடையாதுல்லா?” என்றாள். கிடையாது என்றேன். “அப்போ இதைப் போடாதீங்க” என்றாள். ஏன் என்று கேட்டேன். “எனக்கு அவரப் பிடிக்கலப்பா. நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க, எப்படிச் சொல்லன்னு தெரியல. நல்ல வேளையாப் பத்திரிகைக்காரங்க காப்பாத்திட்டாங்க” என்றாள். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. சாயாக்கடைக்குப் போனேன். அங்கே வானமாமலை அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பிள்ளை விருப்பத்தைச் சொன்னேன். அவர், “என் பய இன்னும் வாயத் தொறக்கல. வீட்டுக்குப் போயி அவன்கிட்டயும் கேக்கணும் வே” என்றார். பிறகு இரண்டு சாயா சொன்னார். கல்யாணப் பேச்சு இல்லாததால் இனித் தாராளமாகச் சண்டை போடலாம் என்று தோன்றியது, போட்டோம். கோமதியிடம் மட்டும், பத்திரிகையிலிருந்து இன்னும் முடிவு வரவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறோம். மறுபடி எழுதத் தாள் இல்லாததால் இதையே அனுப்புகிறேன், கோபத்தைத் தள்ளிவிட்டு வாசிக்கவும். அந்த இரண்டு எழுத்தாளர்களையும் எக்காரணம் கொண்டும் ஒரே அறையில் உட்காரவைக்க வேண்டாம். மூன்றாவதாக ஒரு கருத்து யாரிடமாவது இருந்தால் உடனே வெளியிடவும். யாராவது முடிவான பதிலைக் கண்டுபிடித்து அனுப்பினால், தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடவும்.