முதல் தடவை இரண்டு சிப்பாய்

தோற்றதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் குறைவு. நான் அவர்களில் ஒருத்தி. விழுப்புரத்தில் நடந்த மாவட்டச் செஸ் போட்டியில், ஒரு காய்கூட வெட்டுப்படாமல் தோற்றேன். (முயன்று பாருங்கள், அவ்வளவு சுலபம் இல்லை.)

எனக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தது நைனா, என் அப்பா. செஞ்சியில் பஞ்சர் கடை. டயருக்குக் காத்திருந்த லாரி டிரைவர் ஒருவர்கூட அவரை ஜெயித்ததில்லை. பிளஸ் டூவில், "செஸ் யாருக்குத் தெரியும்?" என்று பி.டி. சார் கேட்டபோது பள்ளியிலேயே கை தூக்கியவள் நான் ஒருத்திதான். "பொண்ணு மாவட்டப் போட்டியில ஆடப் போவுது" என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் நைனா என்னோடு பஸ் ஏறினார். இனி ஜெயிக்காமல் ஊர் திரும்ப முடியாது.

முதல் சுற்றிலேயே தோற்றால் வெளியே. எனக்கு வெள்ளைக் காய். வீட்டு வழக்கப்படி நடுவிலிருந்த இரண்டு சிப்பாய்களையும் ஆளுக்கொரு கட்டம் கம்பீரமாக நகர்த்திவிட்டு, கடிகாரத்தை ஓங்கித் தட்டினேன். எதிரே இருந்த கண்ணாடிக்காரப் பெண் கையை உயர்த்தினாள். நடுவர் வந்தார்.

"இன்னாம்மா, ஒரே தடவைல ரெண்டு காயா?"

"மொத தடவ ரெண்டு நவுத்தலாமே சார்!"

"யாரு சொன்னது?"

"எங்க நைனா."

ஒரு சிப்பாயைத் திரும்ப வைக்கச் சொன்னார். இன்னொரு தப்பு செய்தால் ஆட்டம் போச்சு என்று எச்சரித்தார். பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய ராணியும் மந்திரியும் என் ராஜாவை முறைத்தன. நான் பதறவில்லை. ராஜாவைத் தூக்கிக் குதிரை மாதிரி தாண்ட வைத்தேன். (செக் வாங்காத ராஜாவுக்கு எங்கள் வீட்டில் ஒரு முறை அந்தச் சலுகை உண்டு.) மறுபடி கை உயர்ந்தது. ஆட்டம் முடிந்தது.

"ஒரு தபா தாண்டலாம் சார்! இத்தினி வருசமா தாண்டிக்கினுதான் இருக்கோம்!" ஜன்னலுக்கு வெளியே நைனா கத்தினார்.

பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன். "நீதான் தப்பா சொல்லிக் குடுத்துட்ட" என்று அவரைத் திட்டவும் செய்தேன். செஞ்சியில் இறங்கி நடந்தோம். கடை வாசலில் கூட்டம் நின்றது. "இன்னா ஆச்சு?" என்றார்கள்.

நைனா நிதானமாக ஷட்டரைத் தூக்கினார்.

"எம் பொண்ணு ஆடுனத பாத்துட்டு, பாதியிலயே ஆட்டத்த நிறுத்திட்டாங்கப்பா. ஆட வுட பயம்!"

அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை, கடைசி வாக்கியத்தைத் தவிர. அவர் மகளாகப் பிறந்ததற்கு அன்றைக்குப் பட்ட பெருமை இன்னும் குறையவில்லை.

இப்போது என் மகள் முறைப்படி செஸ் வகுப்புக்குப் போகிறாள். வீட்டில் வடை சுட்டால் என் கணவர் ஒரே தடவையில் இரண்டு எடுப்பார். அவள் உடனே கையை உயர்த்தி, "நடுவர்!" என்பாள். அறைக்குள்ளிருந்து நைனாவின் தீர்ப்பு வரும்.

"மொத தடவ ரெண்டு எடுக்கலாம், வுடும்மா."