அக்குளில் உருகிய கையெழுத்து

அன்புள்ள ஆர்டிஸ் அத்தைக்கு, லைல் எழுதிக்கொண்டது. இங்கு உடம்புக்கு நலம், மனசைப் பற்றிக் கேட்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய லெஃப்சே ரொட்டி வந்து சேர்ந்தது. உரிமக் கவலையில் இன்னும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. ஏரிக்கரையில் வண்டிக்குள் உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த தாளில் எழுதுகிறேன். எழுத்து நடுங்கினால் வடக்கு டகோட்டாக் குளிர் என்று எண்ணிக்கொள்ளவும்.

உளவியலில் முதுகலை முடித்ததுமே நான் ஆலோசகனாகிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டீர்கள். பட்டம் வேறு, உரிமம் வேறு அத்தை. மூவாயிரம் மணி நேரம் மற்றவர்கள் கவலையைக் கேட்க வேண்டும். அதற்குமேல் நூறு மணி நேரம் மேற்பார்வையாளர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும். நேற்று கூட்டிப் பார்த்தால் தொண்ணூற்றொன்பது. வெள்ளிக்கிழமைக்குள் மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட படிவம் உரிம வாரியத்துக்குப் போகாவிட்டால் இரண்டு வருட உழைப்பும் செல்லாது, மனநல மையத்து வேலையும் போய்விடும். மேற்பார்வையாளர் திருமதி டாண்டேயோ உறைந்த ஏரியின் நடுவில் குடிசை போட்டு மீன் பிடிக்க உட்கார்ந்துவிட்டார். பனி உடையுமோ என்று ஒவ்வோர் அடியாக வைத்து நடந்தேன்; பக்கத்தில் லாரியே போய்க்கொண்டிருந்தது.

"கதவ சாத்துப்பா, குளிருது" என்றார். பனியில் போட்ட ஓட்டையைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் என் பயத்தையெல்லாம் கொட்டினேன். வாரியத்துக்காரர்களுக்கு நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் முத்திரைதான் இருக்கிறது என்றும் சொன்னேன். பாதியில் குறட்டை கேட்டது. விழித்ததும், "நல்லாப் பேசுன, நூறாச்சு. பேனாவக் குடு" என்றார். மை உறைந்து கிடந்தது.

"பென்சில்ல போட்டா என்ன?"

"ஒத்துக்க மாட்டாங்க மேடம்."

"அப்ப அக்குள்ல வெச்சு உருக்கு."

முதுகலைப் பட்டதாரியான நான் பத்து நிமிடம் அக்குளில் பேனாவோடு நின்றேன், அத்தை. கையெழுத்து விழுந்தது. இரண்டு வருடத்தில் இன்றுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். படிவத்தை இப்போதே தபாலில் சேர்த்துவிடுவேன்.

மாமாவின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்லவும். ஞாயிறு ஜெபத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளவும்.

உங்கள் லைல்

பி.கு.: இப்போதுதான் தாளைத் திருப்பினேன். மறுபக்கத்தில் அந்தப் படிவமே இருக்கிறது, கீழே திருமதி டாண்டேயின் கையெழுத்தோடு. வேறு படிவம் வரப் பத்து நாளாகும். ஆகவே உங்களுக்கு வருவது நகல். அசல் வாரியத்துக்குப் போகிறது. வாரியத்தின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்குப் பணிவான வேண்டுகோள்: தயவுசெய்து பின்பக்கம் படிக்க வேண்டாம்.