கல்வெட்டு சாரும் ஐந்தாவது குறிக்கோளும்

ஒரு பொறியியல் கல்லூரியின் வரலாற்றையும் குறிக்கோள்களையும் ஊருக்கெல்லாம் ஒப்பிப்பதற்கென்றே ஒருவர் பிறவி எடுத்திருக்கிறார் என்றால், அவர் எங்கள் மெக்கானிக்கல் துறைத் தலைவர்தான். அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கும். மற்றபடி எல்லாருக்கும் அவர் 'கல்வெட்டு'. நான் அதே பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் ஆங்கில ஆசிரியன். அவரோடு ஒரே ஷேர் ஆட்டோவில் ஊத்துக்கோட்டைக்குத் திரும்பும்படி விதிக்கப்பட்டவன்.

சாயந்தரம் ஆட்டோ கிளம்பினால் போதும். "ஆரம்பத்துல இது மூடிப்போன ரைஸ் மில்லு. இரும்பு சீவுற மொத லேத்து மிஷினு, நெல்லு ஏத்துற டிராக்டர்லதான் வந்து எறங்குச்சு..." என்று தொடங்கிவிடுவார். பக்கத்தில் இருப்பவர் கல்யாணத்துக்குப் போகிறாரா, கோர்ட்டுக்குப் போய்த் திரும்புகிறாரா என்ற கவலையே கிடையாது. வரலாறு முடிந்தால் குறிக்கோள்கள். விவரம் தெரிந்தவர்கள் தங்கள் நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே குதித்து நடையைக் கட்டுவார்கள். நானும் கட்டியிருக்கிறேன். டிரைவர் ஒருநாள் அழாக்குறையாகக் கேட்டார்:

"சார், நீ ஏறுனாலே வண்டி பாதில காலியாவுது. நான் இன்னா பண்றது?"

"காலியானா புதுசா ஆள் ஏறுவாங்கல்ல? அவங்க இன்னும் கேக்கல இல்ல?" என்றார் கல்வெட்டு.

தர மதிப்பீட்டுக் குழு வருகிற காலத்தில் இன்னும் ஆபத்தானவர். குழு யாரை வேண்டுமானாலும் கேட்கும் என்று கேன்டீன் மாஸ்டரைக்கூட விடாமல் குறிக்கோள்களை மனப்பாடம் செய்ய வைத்தார். குழுவில் ஒருவர் வந்து "சர்க்கரை கம்மியா ஒரு காபி" என்றதும், மாஸ்டர் பதறிப்போய் முதல் குறிக்கோளை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். காபி கடைசிவரை வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் இடி விழுந்தது. பிள்ளைகள் எல்லாரும் கம்ப்யூட்டர் பக்கம் ஓடியதில் மெக்கானிக்கல் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. இந்த வருஷமும் ஆள் சேராவிட்டால் துறையை இழுத்து மூடிவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. வேறொருவராக இருந்தால் வேறு வேலை தேடியிருப்பார். கல்வெட்டு வரிந்து கட்டிக்கொண்டு எழுந்தார்.

"மூட உட்ருவனா? மூடிக் கெடந்த எடத்ததான் தொறந்து காலேஜ் ஆக்குனோம். வாங்க சார்!" என்று என்னையும் இழுத்துக்கொண்டு தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குப் போய், ஷிப்டு விடும் நேரமாகப் பார்த்து கேட்டில் நின்றார்.

மாட்டியவர் எஸ்தர் என்ற அம்மா. பேக்கிங் பிரிவில் வேலை; மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். கல்வெட்டு ரைஸ் மில்லில் ஆரம்பித்து, 'ஆண் பெண் பேதமில்லாத செய்முறைக் கல்வி' என்ற ஐந்தாவது குறிக்கோள் வரை வந்து மூச்சு வாங்கினார்.

"அதெல்லாம் சரி சார்," என்றார் எஸ்தர். "எம் பொண்ணு ஊட்ல ஃபேனு, மிக்ஸி ஒண்ணு உடாம கழட்டி மாட்டிக்கினு இருக்குது. உங்க காலேஜ்ல பொண்ணுங்கள மிஷின தொட உடுவீங்களா? இல்ல, பக்கத்துல குந்திக்கினு எழுத சொல்வீங்களா?"

கல்வெட்டு திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வழக்கமே அதுதான். பையன்கள் லேத்தைப் பிடித்துக்கொள்வார்கள், பெண்கள் ஸ்டூலில் உட்கார்ந்து ரெக்கார்டு எழுதுவார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பாராட்டு வேறு கிடைக்கும். ஐந்தாவது குறிக்கோளும் அதே ஒர்க்‌ஷாப் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் அவர் வாயே திறக்கவில்லை. "சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று டிரைவர் என்னிடம் கிசுகிசுத்தார்.

மறுநாள் காலையில் பார்த்தால், ஒர்க்‌ஷாப் ஸ்டூல்களை எல்லாம் தன் கையாலேயே தூக்கிவந்து என் ஆங்கில வகுப்பில் அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

"இன்னா சார் இது?"

"இனிமே அங்க யாரும் குந்த வேணாம். பொண்ணுங்க லேத்து ஓட்டட்டும், பசங்க எழுதட்டும். அப்பால மாத்திக்கலாம்."

பையன்கள் முனகினார்கள். அந்த வாரம் வந்த ரெக்கார்டுகளை எழுதியவர்களாலேயே படிக்க முடியவில்லை. கல்வெட்டு அசரவில்லை, ஒவ்வொரு வகுப்பிலும் காவலுக்கு நிற்பதுபோல் நின்றார். பிறகு மறுபடி தொழிற்பேட்டை கேட்டுக்குப் போனார். இந்தமுறை ரைஸ் மில் கதையும் இல்லை, டிராக்டர் கதையும் இல்லை.

"வந்து பாரும்மா," என்றார் எஸ்தரிடம். அவ்வளவுதான்.

எஸ்தர் தன் லீவு நாளில் மகளோடு வந்தார். ஒரு பெண் லேத்தில் நின்று இரும்பைச் சுருள் சுருளாகச் சீவிக்கொண்டிருந்தாள். ஒரு பையன் உம்மென்று எழுதிக்கொண்டிருந்தான். மகளோ லேத் பக்கத்திலிருந்து நகரவே மறுத்துவிட்டாள். "சேத்துக்குங்க சார்," என்றார் எஸ்தர். விஷயம் மறுநாள் ஷிப்டு பஸ்ஸில் ஏறிப் பல வீடுகளில் இறங்கியது. துறை நிரம்பி வழியவில்லை, ஆனால் மூடவும் இல்லை.

போன வாரம் ஆட்டோவில் கல்வெட்டு ஒரு புது ஆளைப் பிடித்துக்கொண்டார். "ஆரம்பத்துல இது மூடிப்போன ரைஸ் மில்லு..." இப்போது அவர் வரலாற்றின் கடைசியில் ஒரு பகுதி கூடியிருக்கிறது. "அப்புறம் எஸ்தர்னு ஒரு அம்மா எங்கள ஒரு கேள்வி கேட்டாங்க. எனுக்கு பதில் தெரில..." என்று தொடங்கும் அது. அந்த இடம் வருவதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது.

நான் இறங்கவில்லை.