கெசட் அண்ணன் அறிவிக்காத அறிவித்தல்

அரசாங்கத்தின் கொள்கைகளை, அவை அறிவிக்கப்பட்ட அன்றே முழு மனதோடு நம்பிய ஒரே மனிதர் இந்த இலங்கைத் தீவில் எங்கள் கெசட் அண்ணன்தான். அறிவித்த அமைச்சர்களையும் சேர்த்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஃபேக்டரி வாட்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் தேடிப் பார்த்ததில்லை. கோயில் கமிட்டிச் செயலாளர் என்பதால் மைக் அறையின் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. ராத்திரி டிவிச் செய்தியில் எதைச் சொன்னாலும் மறுநாள் விடிந்ததும், பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகும் பெண்கள் காதில் விழும்படி மைக்கில் சொல்லிவிடுவார். சாமி பாட்டு முடிந்ததும் அரசாங்கம் தொடங்கும்; அரசிதழான கெசட் போல, அதனால்தான் அந்தப் பெயர். சொல்வதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதர் அதைத் தன் வீட்டில் அமல்படுத்தவும் செய்தார்.

இரசாயன உரத்தைத் தடை செய்தார்களே, நினைவிருக்கிறதா? நாட்டிலுள்ள விவசாயிகள் எல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, கெசட் அண்ணன் தன் லீக்ஸ் பாத்திக்கு வாங்கி வைத்திருந்த யூரியா மூட்டையைக் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது?" என்றேன்.

"மாஸ்டர், நாடே இயற்கைக்கு மாறிருச்சு. நீங்க படிச்சவங்க, நீங்களே இப்படிக் கேக்கலாமா?"

இயற்கைக்கு மாறுவதென்றால் சாணம் வேண்டும். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இருந்தது ஒரே ஒரு மாடு, அதுவும் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ஆறுமுகத்தினுடையது. வாளியோடு இவர் அதன் பின்னாலேயே அலைந்ததில், மாடு கூச்சப்பட்டு ஒதுக்குப்புறமாகப் போகத் தொடங்கியது. கொஞ்ச காலத்தில் அரசாங்கம் மனம் மாறியது. உரம் போடலாம் என்றார்கள். உரம்தான் எங்கும் இல்லை. இவர் ஓடிப்போய்க் குழியைத் தோண்டினால், மூட்டை மழையில் கரைந்து போயிருந்தது. லீக்ஸ் முழுக்க மஞ்சளாகிக் கிடந்தது. குழியைச் சுற்றியிருந்த புல் மட்டும் இடுப்பளவு வளர்ந்து நின்றது. ஆறுமுகத்தின் மாடு அதைச் சாப்பிட்டு நன்றாகவே தேறியது.

அடுத்தது அடுப்பு. விறகுப் புகை நுரையீரலுக்குக் கெடுதி, நவீன சமையலுக்கு மாறுங்கள் என்று எவரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, மனைவி மல்லிகா அக்காவின் மண் அடுப்பை இடித்துவிட்டு கேஸ் அடுப்பு வைத்தார். கேஸ் கிடைக்காமல் போனது. கரண்டு அடுப்பு வாங்கினார். வாங்கிய கையோடு மின்வெட்டு வந்தது. மின்வெட்டு நேரத்தை மின்வெட்டின்போதும் அறிவிக்க வேண்டும் என்பதற்காக, மைக்குக்கு ஒரு பழைய லொறி பேட்டரியைப் பொருத்தினார். அடுப்பு எரியாவிட்டாலும் அரசாங்கம் பேச வேண்டும் அல்லவா?

ஒருநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் முன்னால் மல்லிகா அக்கா வெறும் தட்டை வைத்தார்.

"சோறு எங்கடி?"

"டிவில சொல்லுவாங்க, பாத்துக்கிட்டு இருங்க."

அன்று சாயந்தரமே மண் குழைத்து அடுப்புக் கட்டியவரும் அண்ணன்தான். தேசிய எரிசக்திக் கொள்கையில் காலத்துக்கேற்ற திருத்தம் என்று விளக்கமும் சொன்னார்.

இப்படிப் பட்டுப் பட்டு எங்கள் தோட்டத்து ஜனங்கள் தங்களுக்கென்று ஒரு கொள்கை வகுத்துக்கொண்டார்கள். கெசட் சொன்னால், மறு பக்கம் திரும்பு. "கோதுமை மாவுக்குத் தட்டுப்பாடு இல்லை" என்று மைக்கில் குரல் கேட்டால் போதும், பெண்கள் பையோடு கடைக்கு ஓடுவார்கள். போன பெண்களுக்கு மா கிடைக்கும். அவரை நம்பி வீட்டில் இருந்தவர்களுக்கு ரொட்டி கிடையாது. இவ்வளவு துல்லியமான பொருளாதார நிபுணர் கொழும்பிலும் இல்லை என்று ஆறுமுகம் சொல்வார். இது கெசட் அண்ணனுக்குத் தெரியாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

பிறகு அந்தக் கார்த்திகை மழை வந்தது. பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் நானும் லயத்தில்தான் இருந்தேன். மூன்றாம் நாள் காலை கிராம சேவகர் ஃபோன் எடுத்து, மலைச்சரிவு அபாயம், உடனே எல்லோரையும் வெளியேற்றச் சொன்னார். கெசட் அண்ணன் மைக்கைப் பிடித்து, தொண்டை கிழிய அறிவித்தார்.

ஒருவர்கூட அசையவில்லை. முந்தின வருசமும் இப்படித்தான் எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். போய்ச் சேர்ந்ததும் வெயில் அடித்தது. பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால் கோழிகளைக் காணவில்லை.

"கெசட்டே போகச் சொல்லிட்டாருல்ல? அப்போ இங்கதான் பத்திரம்" என்று ஆறுமுகம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

நானும் கெசட் அண்ணனும் நனைந்துகொண்டே லயத்துப் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். விடியும் வரை கரை புரண்டு ஓடிய வடிகால் கானில் தண்ணீர் நின்றுபோயிருந்தது; எல்லாம் மலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே மண்ணில் ஒரு பிளவு, கை நுழையும் அளவுக்கு. லயம் முழுக்கக் குழந்தைகள், கிழவர்கள், ஈர விறகின் புகை.

கெசட் அண்ணன் திரும்பி மைக் அறைக்கு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். மைக்கைக் கையில் எடுத்து, ஊதிப் பார்த்தார். பிறகு தொடங்கினார்.

"அன்பார்ந்த தோட்ட மக்களே, ஒரு திருத்தம். முன்பு சொன்ன அறிவித்தல் வாபஸ் பெறப்படுகிறது. நிலைமை முழுமையாகக் கட்டுப்பாட்டில் உள்ளது. யாரும் பதற்றப்பட வேண்டாம். எல்லோரும் அவரவர் காம்பராவிலேயே இருக்கவும்."

நான் அவர் கையைப் பிடித்தேன். "அண்ணே, என்னண்ணே இப்படிச் சொல்லிட்டீங்க? இந்த ஒரு தடவ நம்பிட்டாங்கன்னா?"

அவர் வாசலுக்கு வந்து லயத்தைப் பார்த்தார்.

அப்போது ஆறுமுகத்தின் காம்பராக் கதவு படாரென்று திறந்தது. "ஏய், எல்லாம் கட்டுப்பாட்டுல இருக்காம்டா! புள்ளைகளத் தூக்குங்க!"

லயமே கிளம்பியது. பாயும் பானையும் போட்டது போட்டபடி கிடக்க, எதிர்ப்பக்க மேட்டில் இருந்த ஃபேக்டரிக்கு எல்லோரும் ஓடினோம். ஆறுமுகம் மாட்டையும் இழுத்துக்கொண்டு வந்தார். கடைசியாக, மாமியாரை முதுகில் சுமந்துகொண்டு கெசட் அண்ணனும் வந்து சேர்ந்தார். மத்தியானத்துக்கு மேல் மலை இறங்கியது. லயத்தில் பாதியும் மைக் அறையும் மல்லிகா அக்காவின் அடுப்பும் மண்ணுக்குள் போயின. மனிதர்களில் ஒருவரும் போகவில்லை.

அதன் பிறகு பள்ளிக்கூட மண்டபத்தில்தான் குடியிருப்பு. ஒருநாள் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி, புத்தம்புது மைக்கோடு வந்தார். பாதுகாப்பான இடத்தில் எல்லோருக்கும் புது வீடு, வெகு சீக்கிரத்தில் என்றார். "நம்ம அண்ணன் வாயாலயே இத அறிவிச்சிருவோம்" என்று மைக்கை கெசட் அண்ணனிடம் நீட்டினார்.

அண்ணன் வாங்கினார். பழக்கதோஷத்தில் ஊதிப் பார்த்தார். பாய்களில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் மூச்சு விடாமல் அவரையே பார்த்தார்கள். ஆறுமுகம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அண்ணன் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"தொண்ட சரியில்லீங்க சேர்."

பிறகு வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அத மட்டும் நான் சொல்ல மாட்டேன் மாஸ்டர். நான் சொன்னது எது நடந்துருக்கு? இது நடக்கணும்."

மல்லிகா அக்கா ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணீர் அவித்துக் கொண்டுவந்து நீட்டினார். தொண்டைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் நீட்டினார். அவரும் வாங்கிக் குடித்தார்.

வீடு இன்னும் வரவில்லை. அவரும் இன்னும் மைக்கைத் தொடவில்லை. விடியற்காலையில் அந்தக் குரலைக் கேட்காமல் எழும்புவது எங்கள் யாருக்கும் இன்னும் பழகவில்லை.